துண்டு, தகரம், அட்டை: கள்ளத்தோணி யார்?

தொப்புள்கொடி உறவு என்கிறார்கள். ஈழத்தைப் பற்றிப் பேச மேடையேறும் எந்தத் தலைவரும் இந்தச் சொல்லைச் சொல்லாமல் இறங்குவதில்லை. சரி தோழர், யாருடைய தொப்புள், அந்தக் கொடி எந்தச் சேரியில் அறுக்கப்பட்டது என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். அடுத்த பேச்சாளரைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

தமிழ்நாட்டில் 100க்கு மேற்பட்ட முகாம்கள். 2021இல் அரசு அவற்றுக்கு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது. அதற்கு முன் அகதி முகாம். உள்ளே இருப்பவர்களை வெளியே இருப்பவர்கள் மொத்தமாக 'சிலோன்காரங்க' என்கிறார்கள். கொஞ்சம் அரசியல் பேசுகிறவர்கள் 'ஈழத்தமிழர்' என்கிறார்கள். இந்த மொத்தப் பெயருக்குள் ஏறத்தாழ 30,000 பேர் ஈழத்திலும் சேராமல் இந்தியாவிலும் சேராமல் இருக்கிறார்கள். மலையகத்துக்காரர்கள். இவர்களுடைய பாட்டன் பூட்டன் திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரம், சேலம் ஜில்லாக்களிலிருந்து காப்பித் தோட்டத்துக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் ஓட்டிப்போகப்பட்டவர்கள். பெரும்பகுதி பறையர், பள்ளர், சக்கிலியர். இந்த உண்மையைச் சொன்னால் 'இனத்துக்குள் சாதியைக் கொண்டுவராதே' என்பார்கள். சாதியை நாங்கள் கொண்டுவரவில்லை. கங்காணி கூட்டிக்கொண்டு போனபோதே அது கூடவே வந்தது. பெரிய கங்காணி பெரும்பாலும் சாதி இந்து. தோட்டத்தில் அவன்தான் கடன் கொடுப்பவன், கூலி பிடிப்பவன், கோயில் தர்மகர்த்தா, தொரைக்கு வாய். லயத்தில் யாருக்கு எந்தக் காம்பரா என்பதும் சாதிதான்.

நான் பிறந்தது கோத்தகிரிப் பக்கம். அப்பா அம்மா 1979இல் கப்பலேறி வந்தவர்கள். அட்டனிலிருந்து தலைமன்னார் போகும் ரயிலை அம்மா இன்னும் அழுகைக் கோச்சி என்றுதான் சொல்வாள். எங்களுக்கு ஓட்டு இருக்கிறது, ரேஷன் கார்டு இருக்கிறது. நான் தமிழ் எம்.ஏ. படித்ததும் அந்தக் கப்பல் டிக்கெட்டால்தான். கப்பலைத் தவறவிட்டவர்களின் கதையைத்தான் இங்கே எழுத வேண்டியிருக்கிறது. சில வருஷங்களாக முகாம் ஆட்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறேன், ஆபீஸ் ஆபீஸாகக் கூட நடக்கிறேன். நடந்தவரைக்கும் புரிந்தது ஒன்று: குடியேற்றச் சட்டம் என்று ஒன்று தனியாக இல்லை. காகிதம் வைத்திருப்பவனுக்கும் வைத்திராதவனுக்கும் நடுவே போட்ட வேலி அது. காகிதம் நிலம் வைத்திருந்தவனிடம்தான் சேரும்.

காகிதத்தின் வரலாற்றை எடுத்துக்கொள்வோம். இலங்கைத் தோட்டத்தில் கூலியை முதலில் பிடித்துவைத்த காகிதத்துக்குப் பெயர் துண்டு. இந்த ஆளுக்கு, இந்தக் கும்பலுக்கு, இவ்வளவு கடன். இதைக் கட்டுகிற தோட்டத்துக்கு ஆளை விடுகிறோம் என்று தொரை எழுதிக் கொடுத்த சீட்டு. கூலி கையெழுத்துப் போட்டதில்லை, படித்ததுமில்லை. மாட்டுச் சந்தையில் கைமாறுவது போல ஆளும் கைமாறினான். 1921இல்தான் துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது. அதோடு கூட நடந்தது தகரம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டத்துக்கு ஆள் பிடிக்கும்போது எண் குத்திய தகர வில்லையைக் கழுத்தில் மாட்டி அனுப்பினார்கள். அதைக் காட்டினால் ரயில், கப்பல், சோறு. பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம், எண் போதும். 1904இல் திருச்சியில் சிலோன் லேபர் கமிஷன் ஆபீஸ் திறந்தார்கள். மண்டபத்தில் முகாம் போட்டு, கடல் தாண்டும் முன் கூலிகளைச் சில நாள் அடைத்துவைத்து, மருந்து தெளித்து, நோய் இருக்கிறதா என்று பார்த்து அனுப்பினார்கள்.

அதே மண்டபம். இந்த இடத்தை வாசகர்கள் சாதாரணமாகத் தாண்டிப் போய்விடக் கூடாது. கூலிகளை அடைத்த அதே மண்டபத்தில்தான், ஒப்பந்தப்படி திரும்பி வந்தவர்களை இறக்கினார்கள். அதே மண்டபத்தில்தான் 1983க்குப் பிறகு படகில் வந்தவர்களைப் பதிவு செய்தார்கள். ஒரே இடம், மூன்று பெயர். போகும்போது கூலி. திரும்பும்போது தாயகம் திரும்பியோர். மறுபடி வந்தால் அகதி. சட்டத்தின் பாஷையில் 'சட்டவிரோதக் குடியேறி'.

சிங்கள இனவாதம் என்ன செய்தது என்பது ஊரறிந்தது. 1948 குடியுரிமைச் சட்டம் அப்பன் இலங்கையில் பிறந்ததற்குச் சான்று கேட்டது. அல்லது பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்ததற்கு. தோட்டத்துப் பிறப்புகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிவரை ஒழுங்காகப் பதிவே ஆகவில்லை. எழுதாதவன் யார்? தொரையும் அரசும். சான்று கேட்கப்பட்டவன் யார்? கூலி. 1949இல் வந்த இந்திய, பாகிஸ்தானிய வாசிகள் சட்டம் இன்னும் நைஸானது. கல்யாணமானவர் 1946 சனவரி 1க்கு முன் 7 வருஷம், ஆகாதவர் 10 வருஷம், தொடர்ந்து அங்கேயே இருந்ததாகக் காட்ட வேண்டும். ஊரில் தாய் செத்துப் போய், திரும்ப ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தால் தொடர்ச்சி அறுந்தது. இரண்டு வருஷம் கெடு. எட்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்காக மனு போனது. கிடைத்தது ஒன்றரை லட்சத்தைக்கூட எட்டவில்லை. வாக்குரிமையும் போனது. 'கள்ளத்தோணி' என்று பெயர் வந்தது. நூறு வருஷம் காட்டை அழித்துத் தேயிலை நட்டவனுக்கு அந்தப் பெயர்.

அப்போது யாழ்ப்பாணத்துத் தமிழ்த் தலைமை? தமிழ்க் காங்கிரஸின் ஜி.ஜி. பொன்னம்பலம் அதே சேனநாயக்க அரசில் மந்திரியாக உட்கார்ந்தார். இதை ஏற்காமல் செல்வநாயகம் பிரிந்துபோய் 1949இல் தமிழரசுக் கட்சி கண்டார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் என் சண்டை இப்போது தில்லியோடும் சென்னையோடும். 1964 அக்டோபர் 30. சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். 9,75,000 பேர் கணக்கு. அதில் 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரை 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று வைத்தார்கள். பிறகு 1974இல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் உட்கார்ந்து அதை ஆளுக்கு 75,000 என்று பாதியாக வகுந்தார்கள். பங்காளிகள் தென்னந்தோப்பைப் பிரிப்பதுபோல. அந்தப் பத்து லட்சத்தில் ஒருத்தியையாவது 'நீ எங்கே இருக்க விரும்புகிறாய்' என்று முன்கூட்டிக் கேட்டார்களா? சாதி இந்துக் குடும்பங்கள் பத்து லட்சம் இப்படி ஒரு நாட்டில் மாட்டியிருந்தால் இந்திய வெளியுறவுத்துறை தலையை எண்ணிப் பங்கு போட்டிருக்குமா? கேட்கிறேன், பதில் சொல்லுங்கள்.

இப்போது ஒரு குடும்பம். பெயர் வேண்டாம். முகாமில் இருக்கிற ஓர் அக்கா, 1966இல் அட்டன் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். அவருடைய அப்பா 1975இல் கண்டியில் இந்தியக் குடிமகனாகப் பதிவு செய்துகொண்டார். இந்தியப் பாஸ்போர்ட் கையில் இருந்தது. அண்ணன் தனிக் குடும்பம் என்பதால் தனிக் குடும்ப அட்டை. அவர் 1979இல் கப்பலேறி நீலகிரி வந்து அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அப்பாவுக்குச் சேமலாப நிதிப் பணம் வந்து சேரவில்லை. "காசு கைக்கு வந்ததும் வந்துருவோம்" என்று நின்றார். உழைத்த காசை விட்டுவிட்டு யார் வருவார்? 1983 கலவரத்தில் லயம் எரிந்தது. பாஸ்போர்ட்டும் எரிந்தது. வவுனியாவுக்கு ஓடினார்கள். 1984இல் போரைக் காரணம் காட்டிக் கப்பல் நின்றது. 1990இல் மன்னாரிலிருந்து படகில் இராமேஸ்வரம்.

ஒரே தகப்பன், ஒரே லயம், ஒரே ஒப்பந்தம். அண்ணன் இந்தியக் குடிமகன். ஓட்டுப் போடுகிறார், பேரனுக்குப் பட்டா கேட்டு மனு கொடுக்கிறார். தங்கை சட்டவிரோதக் குடியேறி. நடுவில் இருப்பது என்ன? ஒரு கப்பல், ஒரு படகு, கொஞ்சம் சாம்பல். 1955 குடியுரிமைச் சட்டத்தை 2003இல் திருத்தியபோது (நடைமுறைக்கு வந்தது 2004 டிசம்பர் 3), சட்டவிரோதக் குடியேறி எவரும் பதிவு மூலமோ இயல்புரிமை மூலமோ குடிமகனாக முடியாது என்று கதவை அடைத்தார்கள். உயிருக்குத் தப்பிப் படகில் வந்தவள் விசா ஒட்டி வந்திருக்க வேண்டுமாம்.

அக்காவோடு நான் ஓர் அலுவலகத்துக்குப் போனேன். எது என்று சொல்லப்போவதில்லை. எல்லா அலுவலகமும் ஒன்றுதான். விண்ணப்பத்தில் 'செல்லத்தக்க வெளிநாட்டுக் கடவுச்சீட்டின் நகல்' கேட்கிறார்கள். அக்காவுக்கு எந்த வெளிநாடு? இலங்கை அவரைக் குடிமகளாக எழுதவே இல்லை. குடியுரிமை கிடைத்தால் பழைய நாட்டின் குடியுரிமையைத் துறப்பேன் என்று உறுதி எழுதித் தரவும் கேட்கிறார்கள். இல்லாத மாட்டை விற்றுவிட்டேன் என்று பத்திரம் எழுதச் சொல்வதுபோல. அந்த எழுத்தர் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். மின்விசிறியை எங்கள் பக்கம் திருப்பிவிட்டுத்தான் கேட்டார்:

"பூர்வீகம் எந்த ஊரும்மா?"

அக்கா சொன்னார். பெரம்பலூர்ப் பக்கம் ஒரு ஊர், தாத்தா பெயர், குலதெய்வத்தின் பெயர் எல்லாம் சொன்னார்.

"அங்க உங்க தாத்தா பேர்ல பட்டா இருக்கா?"

"பட்டா இருந்தா அவரு ஏன் சார் சிலோனுக்குப் போறாரு?"

அந்த அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. குடியேற்றச் சட்டத்தைப் பற்றி எத்தனையோ கட்டுரை படித்திருக்கிறேன். இந்த ஒரு வரி அளவுக்கு எதுவும் விளக்கியதில்லை. நிலம் இல்லாததால் போனான்; நிலம் இல்லாததால் திரும்ப முடியவில்லை.

பிறகு அந்த ஊருக்கும் போனோம். சேரியில் ஒரு பெரியவர், எண்பதைத் தாண்டியவர், தாத்தா பெயரைச் சொன்னதுமே, "அட, கங்காணிகூடப் போன வகையறாவா? உங்க பங்காளி வூடு இதான்" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். சாமி கும்பிடவைத்தார்கள், அழுதார்கள், சோறு போட்டார்கள். அந்தக் குடும்பத்துக்கு ஆறு தலைமுறைக் கணக்கு வாயிலேயே இருக்கிறது. கிராம நிர்வாக அலுவலருக்கு அது போதவில்லை. வாய்வார்த்தையை எழுத முடியாது, "ஊர்ப் பெரியவங்க யாராவது எழுதிக் குடுக்கட்டும்" என்றார். ஊர்ப் பெரியவர் என்றால் யார்? சேரிப் பெரியவர் இல்லை. ஊர்த் தெருவில், மாடி வீட்டில் இருப்பவர். எந்தக் குடும்பத்துப் பண்ணையத்திலிருந்து தப்பிக்கத் தாத்தன் கடல் தாண்டினானோ, அந்தக் குடும்பம் 'இவன் எங்கள் ஊரான்' என்று கையெழுத்துப் போட்டால் பேத்தி இந்தியக் குடிமகள் ஆகலாம். அக்கா கேட்கப் போகவில்லை. "போதும் வா, போகலாம்" என்று பஸ் ஏறிவிட்டார். நானும் வற்புறுத்தவில்லை.

அரசியல் சட்டம் இதைவிட ஈரத்தோடு எழுதப்பட்டது. எட்டாவது பிரிவைப் படித்துப் பாருங்கள். வெளிநாட்டில் வாழ்கிற ஒருவர், அவருடைய தாய் தந்தை, அல்லது பாட்டன் பாட்டி, இவர்களில் யாராவது ஒருவர் இந்தியாவில் பிறந்திருந்தால் அவர் இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்து குடிமகனாகலாம் என்று இருக்கிறது. பாட்டன் பாட்டிவரை. அண்ணல் அம்பேத்கர் தலைமையிலான வரைவுக் குழு காத்துத் தந்த அந்தச் சட்டத்தில் இருந்த இடம், இன்று நடப்பில் இருக்கும் 1955 சட்டத்தின் ஐந்தாவது பிரிவில் சுருங்கிக் கிடக்கிறது: தானோ தாய் தகப்பனில் ஒருவரோ பிரிவினைக்கு முந்திய இந்தியாவில் பிறந்திருந்தால்தான் இந்திய வம்சாவளி. பாட்டன் கழன்று விழுந்தான். தோட்டத்துக்காரனுக்குப் பாட்டன்தானே இந்தியாவில் பிறந்தவன்!

பிள்ளைகள் கதை இன்னும் கோணல். 1987 சூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்த எவரும் பிறப்பாலேயே குடிமக்கள். அதற்குப் பின் என்றால் தாய் தகப்பனில் ஒருவராவது குடிமக்களாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3க்குப் பின் என்றால், ஒருவர் குடிமகனாக இருந்தும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறி என்றால் போயிற்று. ஆக, ஒரே முகாமில், ஒரே தாய்க்கு, 1986இல் பிறந்த மூத்தவள் இந்தியள். 1988இல் பிறந்த இளையவள் அந்நியள். மூத்தவளுக்கும் சும்மா கிடைக்கவில்லை. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் பாஸ்போர்ட்டுக்காக உயர்நீதிமன்ற மதுரைக் கிளைவரை போய், 2022இல் தீர்ப்பு வாங்கி, 2024 தேர்தலில் ஓட்டுப் போட்டார். திருச்சி கொட்டப்பட்டு முகாமில் இருந்தவர். பத்திரிகைகள் மை வைத்த விரலைப் படம் எடுத்துப் போட்டன. முப்பத்தெட்டு வயதில் முதல் ஓட்டு என்பதில் கொண்டாட என்ன இருக்கிறது? அவமானம் யாருக்கு?

அதே மதுரைக் கிளை 2019 சூன் மாதம் கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களைச் சேர்ந்த 65 பேர் வழக்கில், இவர்கள் இந்திய வம்சாவளியினர், இவர்களை முடிவில்லாமல் நாடற்றவர்களாக வைத்திருப்பது வாழ்வுரிமைக்கு எதிரானது என்று சொல்லி, மனுக்களைப் பரிசீலிக்க உத்தரவிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் குடியுரிமைத் திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. ஆப்கானிஸ்தான், பங்களாதேஷ், பாகிஸ்தான், ஆறு மதம், 2014 டிசம்பர் 31 கெடு. இலங்கை இல்லை. முஸ்லிம் இல்லை.

உடனே நம்மூர் இந்துத்துவக்காரர்கள், "இலங்கை இந்துக்களையும் அதில் சேர்" என்று மனு கொடுத்தார்கள். தோழர்கள் சிலரும் 'கிடைப்பதை வாங்கிக்கொள்வோமே' என்கிறார்கள். நான் உடன்படவில்லை. முகாமில் வேதக்காரர் இருக்கிறார், முனியாண்டி கும்பிடுகிறவர் இருக்கிறார். மதத்தைக் காட்டிக் குடியுரிமை வாங்கினால், நாளை அந்த மதத்தின் வர்ணப் படியில் எங்கே நிற்கிறாய் என்றும் காட்ட வேண்டிவரும். எங்கள் பாட்டன் போனது இந்துவாக அல்ல, கூலியாக. அவன் உழைப்புக்கும் 1964 கையெழுத்துக்கும்தான் கணக்குக் கேட்கிறோம். இன்னொரு ஏழையைக் கதவுக்கு வெளியே தள்ளி வாங்கும் காகிதம் வேண்டாம்.

2025 செப்டம்பரில் புதிய குடிவரவு, வெளிநாட்டவர் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2015 சனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழருக்குப் பாஸ்போர்ட் இல்லாத குற்றத்துக்குத் தண்டனை இல்லை என்று விலக்கு ஆணை போட்டார்கள். நல்லது. ஆனால் தண்டிக்கமாட்டேன் என்பது வேறு, நீ என் ஆள் என்பது வேறு. 'வெளிநாட்டவர் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அவரையே சாரும்' என்கிற 1946 சட்டத்தின் நஞ்சு புதிய சட்டத்திலும் அப்படியே இறங்கியிருக்கிறது. தலித்துகளுக்கு இது புதிதா? கிணற்றை அசுத்தப்படுத்தவில்லை என்று நாம்தான் நிரூபிக்க வேண்டும், திருடவில்லை என்று நாம்தான் நிரூபிக்க வேண்டும். கொழும்பு அரசுகூட 2003இல் நாடற்ற மலையகத்தாருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் செய்து, 2009இல் அதைத் திருத்தி, அகதியாக இந்தியாவில் இருப்பவர்களுக்கும் வழி திறந்தது. சிங்களப் பேரினவாதம் என்று வாய்கிழியப் பேசுகிறோமே, அது செய்த அளவுக்குக்கூட 'தாயகம்' செய்யவில்லை.

சாதிச் சான்றிதழைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். இரண்டு வார்த்தை மட்டும். முகாமில் பிறந்த தலித் பிள்ளைக்கு எஸ்.சி. சான்றிதழ் கிடையாது, ஏனென்றால் அவன் இந்தியன் இல்லை. ஆனால் முகாமுக்கு வெளியே பெயிண்ட் அடிக்கப் போனால், "நீங்க என்ன ஆளுங்க?" என்று முதல் கேள்வி வருகிறது. குடியுரிமை இல்லாதவனுக்கும் சாதி உண்டு. குடியுரிமை உள்ள எங்களுக்கே தாசில்தார் ஆபீசில் '1950க்கு முந்திய ஆவணம் கொண்டா' என்று எத்தனை நடை நடக்கவைத்தார்கள்!

தோட்டத்தில் ஒரு வார்த்தை உண்டு: அரைப்பேர். விடியற்காலை பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடுவார்கள். லேட்டாக வந்தாலோ கொழுந்து நிறுவை குறைந்தாலோ அரைப்பேர் போடுவான் கணக்கப்பிள்ளை. அரை நாள் கூலி. முகாமில் இப்போதும் செக்கிங் நாளில் வரிசையில் நிற்கவைத்துப் பெயர் கூப்பிடுகிறார்கள். வருவாய் ஆய்வாளர், சில சமயம் கியூ பிராஞ்ச். இல்லையென்றால் பணக்கொடை நிற்கும். "தொர போயிட்டான், பெரட்டு போகல" என்பார் அக்கா. அரிசி உண்டு, பணக்கொடை உண்டு, புதிதாகக் கட்டிய வீடும் சில முகாம்களில் உண்டு. மறுக்கவில்லை. ஓட்டு இல்லை, பாஸ்போர்ட் இல்லை, அரசு வேலை இல்லை. அரைப்பேர்தான். ஓட்டு இல்லாததால்தான் எந்தக் கட்சிக்கும் அவசரமில்லை என்பதையும் திராவிடக் கட்சித் தோழர்களுக்குச் சொல்லிக்கொள்கிறேன். சட்டமன்றத்தில் தீர்மானம், கடிதம், மறுபடி தீர்மானம். மலையகத்தார் யார், எத்தனை குடும்பம், யாருடைய அப்பன் கண்டியில் பதிவு செய்தவன் என்று முகாம் வாரியாக ஒரு பட்டியல் எடுத்து மக்கள் முன் வைக்க மாநில அரசுக்குத் தில்லியின் அனுமதி தேவையில்லையே.

கேட்பது பெரிதொன்றுமில்லை. கண்டியில் குடிமக்களாகப் பதிவு செய்த புத்தகம் இந்திய அரசுடையது. எரிந்தது எங்கள் பிரதிதான். அரசு தன் புத்தகத்தைத் திறந்து பார்க்கட்டும். எரிந்த பிரதியை எங்களிடம் கேட்கக் கூடாது. புத்தகத்தில் பெயர் இல்லாதவர்களுக்கு எட்டாவது பிரிவின் அளவுகோலை, பாட்டன்வரை, வைக்கட்டும். சேரிப் பங்காளியின் வாக்குமூலத்தை ஊர்ப் பெரியவரின் கையெழுத்துக்குச் சமமாக எழுதிக்கொள்ளட்டும். படகில் வந்தவர் என்ற ஒரே காரணத்துக்காகச் 'சட்டவிரோதம்' என்று எழுதுவதை இவர்கள் விஷயத்தில் நீக்கட்டும்.

அக்காவின் மனு போயிருக்கிறது. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினோம். பூர்வீகம் என்ற இடத்தில் ஊர், சேரி, பங்காளி பெயர். பெரியவரின் வாக்குமூலத்தை நோட்டரி முன் பதிவு செய்து, அவர் கைநாட்டோடு இணைத்திருக்கிறோம். அண்ணனின் குடும்ப அட்டை நகலும் உண்டு. இப்படி இன்னும் நாற்பத்து மூன்று குடும்பத்தின் தாள்கள் என் வீட்டுப் பெட்டியில் இருக்கின்றன. எல்லாருக்கும் ஊர் தேடிப் போக வேண்டும். சட்டம் படிக்கும் மாணவர்கள், பைக் வைத்திருப்பவர்கள், சேரியில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டு எழுதத் தெரிந்தவர்கள் இதழ் முகவரிக்கு எழுதுங்கள். பெரம்பலூர், முசிறி, துறையூர்ப் பக்கம் ஆள் அவசரமாகத் தேவை. எண்பது வயதுக்காரர்கள் காத்திருக்கமாட்டார்கள்.